மேல வழியா வாங்க

நாலு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஐப்பசி மாதத்தில், அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. என் மகளுக்கு நிச்சயதாம்பூலம். மாப்பிள்ளை வீட்டார் சென்னையிலிருந்து வந்தார்கள். அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தையால் அந்தக் கல்யாணம் நின்றுபோயிருக்க வேண்டியது. அதுவும் கெட்ட வார்த்தை இல்லை. எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைகூடச் சொல்லும் வார்த்தைதான்.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரில் உரக்கடை வைத்திருக்கிறார். வாங்க வருகிறவர்கள் எல்லாருக்கும் அவர் 'அண்ணாச்சி'. நல்ல மனுஷர், ஆனால் வாயைத் திறந்தால் திசைதான் வரும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கே இந்தப் பழக்கம் உண்டு என்றாலும், இவருக்குக் கொஞ்சம் கூடுதல். வலது, இடது என்பதே அவர் அகராதியில் கிடையாது. சாப்பிட உட்கார்ந்தால், "அந்த ஊறுகாயை கெழக்க தள்ளு" என்பார். தலைக்கு வைத்துப் படுக்கும் தலையணை ஒரு சாண் தெற்கே போயிருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கே எரிச்சலாக இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கரும்பலகையில் 'மேலே' என்று சொன்னால் அது மேலேதான் இருக்கும். வீட்டுக்கு வந்தால் 'மேல' என்பது மேற்கு, 'கீழ' என்பது கிழக்கு. நாளாக ஆக எனக்கும் அது ஊறிப்போய்விட்டது.

மகள் சென்னையில் வேலை பார்த்தாள். உடன் வேலை செய்த பையனைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒருநாள் போனில் சொன்னாள். பையனைப் பற்றியோ, வீட்டைப் பற்றியோ என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்ட ஒரே கேள்வி, "அவ்வளவு தூரத்துல போய்க் குடுக்கவா?" என்பதுதான். மகளும் லேசுப்பட்டவள் இல்லை. போனில் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "நேர்க்கோட்டில் பார்த்தால் ஐநூறு சொச்சம் கிலோமீட்டர்தான் அப்பா" என்றாள். ரோட்டு வழியில் அது அறுநூறைத் தாண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். "நேரா வாரதுக்கு நான் என்ன காக்காயா?" என்று கேட்டுவிட்டு போனை என்னிடம் கொடுத்தார். ஆனால் குரலில் கோபம் இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர் சம்மதித்துவிட்டார் என்று.

பையனுக்கு அம்மா இல்லை. அவனுக்கு நாலு வயதிருக்கும்போதே தவறிவிட்டாராம். அப்பா ஒரு பட்டறையில் லேத் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பையனையும் அவன் தங்கையையும் தூக்கி வளர்த்தது அப்பாவின் அக்கா. சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்துக்கொண்டு, தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளாமல், இந்த இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கிய அம்மா. பையன் பேச்சுக்குப் பேச்சு 'அத்தை, அத்தை' என்பான் என்று மகள் சொல்லியிருந்தாள். நாங்கள் சென்னைக்குப் போய் ஒரு கோயிலில் வைத்துப் பையனையும் அப்பாவையும் பார்த்தபோது, அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. நிச்சயத்துக்கு வருவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். உண்மையைச் சொன்னால், மாப்பிள்ளையைவிட அந்த அம்மாவைப் பார்க்கத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. என் பெண் நாளைக்குப் போய் வாழப் போவது அந்த அம்மா வீட்டில்தானே.

நிச்சயத்துக்கு இருபது பேர் போல வேன் பிடித்து வருவதாக முதலில் சொன்னார்கள். அதற்கப்புறம் ஒருநாள் பையனின் அப்பா போன் செய்து, எந்த வழியாக வருவது நல்லது என்று கேட்டார். அந்த மாதம் திருநெல்வேலிக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆகவே என் வீட்டுக்காரர் அக்கறையாகச் சொன்ன பதில் இது. நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், என் காதால் கேட்டேன்.

"கீழ வழியா மட்டும் வந்துராதிய. குலுக்கி எடுத்துரும், பெரியவங்களுக்கு ஆகாது. மேல வழியா வாங்க, சொகமா வந்துரலாம். நாங்க எப்பவும் மேல வழியாத்தான் போவோம்."

அந்தப் பக்கத்திலிருந்து பையனின் அப்பா "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். ராஜபாளையம், தென்காசி வழியாக வாருங்கள் என்றுதான் இவர் சொன்னார். எனக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. எங்கள் ஊரில் யாருக்கும் வராது.

நிச்சயத்துக்கு முந்தின நாள் மகள், "அவங்க ஃப்ளைட்ல வர்றாங்களாம் அம்மா" என்றாள். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம். எனக்கு ஆச்சரியம். என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "ரயிலு, வேனு எல்லாம் அவியளுக்கு ஆகாது போல. பெரிய இடம்" என்றார். இருபது பேரும் விமானத்திலா என்று கேட்டதற்கு, அதை நான் எப்படிக் கேட்பது என்று மகள் சொல்லிவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று இருபது பேருக்கும் சேர்த்தே சமையலுக்குச் சொன்னோம்.

மறுநாள் காலையில் வாசலில் ஒரே ஒரு கார் வந்து நின்றது. தூத்துக்குடியில் விமானத்தை விட்டு இறங்கி, திருநெல்வேலியைத் தாண்டி, எந்த ரோட்டில் வர வேண்டாம் என்று இவர் சொன்னாரோ அதே ரோட்டில் குலுங்கிக் குலுங்கி வந்திருந்தார்கள். இறங்கியவர்கள் நாலு பேர். பையன், அவன் அப்பா, தங்கை, தங்கையின் கணவர். நான் காருக்குள் எட்டிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை.

"அத்தை வரலையா?" என்று கேட்டேன். ஃப்ளைட் என்றால் அவர்களுக்குப் பயம் என்று தங்கை சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் மனசு அங்கேயே விழுந்துவிட்டது. விமானத்துக்குப் பயம் என்றால் ரயிலில் வந்திருக்கலாமே. வளர்த்த பிள்ளையின் நிச்சயத்துக்கு ஒரு அம்மா வராமல் இருப்பாளா? அன்றைக்குக் காய்ச்சல், இன்றைக்குப் பயம். அந்த அம்மாவுக்கு என் மகளைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். பெரியவர்கள் மனசு ஒப்பாத வீட்டில் பெண்ணைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா? இன்னொரு பக்கம், எங்கள் சொந்தக்காரர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். எதிரே விரித்த பத்தமடைப் பாயில் நாலே பேர். என் வீட்டுக்காரரின் அண்ணன், "மாப்பிள்ளை வீட்டுல ஆளே கிடையாதோ?" என்று மெதுவாகக் கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. என் வீட்டுக்காரர் முகம் கடுகடுவென்று இருந்தது. நம்மை மதிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை, ஆனால் முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா.

அவர்களும் சரியாகப் பேசவில்லை. சம்பந்தி கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். பையன் மகளைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பத்தரை மணிக்கு மேல் நல்ல நேரம். அதற்குள் காலைப் பலகாரத்தை முடித்துவிடலாம் என்று இலை போட்டோம். இட்லி, சொதி, கேசரி எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. யாரும் எதையும் ரசித்துச் சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் சம்பந்தியைத் தவிர எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தட்டுகள் தயார். நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சம்பந்தியைக் காணோம். வாசலில் இல்லை, கொல்லையில் இல்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று எனக்குப் பதறியது. கடைசியில் மாடிப்படியில் ஈரக் கால்தடம் மாதிரி ஏதோ தெரிய, ஏறிப் போய்ப் பார்த்தேன்.

மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தார். சாப்பிட்ட வலது கையைக் கழுவாமல் மடக்கி நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். முந்தின ராத்திரி பெய்த மழையில் தளம் எல்லாம் ஈரம். எதிரே பொதிகை மலை பாதி மேகத்துக்குள் இருந்தது.

"இங்கன என்ன செய்யுதீங்க?" என்று கேட்டேன்.

"கை கழுவ மேல போங்கன்னு சம்பந்தி சொன்னாரும்மா. குழாயைத்தான் காணோம்."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. காலையிலிருந்து இருந்த இறுக்கம் எல்லாம் சேர்ந்து சிரிப்பாக வந்தது. மாடி இல்லை, வீட்டுக்கு மேல்புறம், அதாவது மேற்குப் பக்கம் இருக்கும் குழாயைத்தான் அவர் சொல்லியிருப்பார், எங்கள் ஊரில் மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு என்று விளக்கிச் சொன்னேன். அவரும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் அவர் முகம் மாறியது.

"மேலன்னா மேற்காம்மா?"

"ஆமா."

"அப்போ, மேல வழியா வாங்கன்னு சொன்னது?"

"தென்காசி வழி. மேற்கு ரோடு."

அவர் அப்படியே கைப்பிடிச் சுவரில் சாய்ந்துவிட்டார். கை இன்னும் மடங்கியே இருந்தது. மலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"நாங்க ஃப்ளைட்டுன்னு நினைச்சோம்மா."

அதற்கப்புறம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கீழ் வழியாக வராதீர்கள், நாங்கள் எப்போதும் மேல் வழியாகத்தான் போவோம் என்று கேட்டதும், பெண் வீட்டார் வசதியானவர்கள், வேனில் வந்து இறங்கினால் தங்கள் சொந்தக்காரர்கள் முன்னால் அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல் போல என்று எடுத்துக்கொண்டாராம். பெண்ணிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்ற மகனை, இதையெல்லாம் கேட்டால் நம்மை என்ன நினைப்பார்கள் என்று அடக்கிவிட்டாராம். பேசி வைத்திருந்த வேனை வேண்டாம் என்று சொல்லி, சித்தப்பா, மாமா என்று கிளம்பியிருந்தவர்களிடமெல்லாம் ஒவ்வொரு சாக்குச் சொல்லி, நாலு டிக்கெட் எடுத்தாராம். அதற்கு மேல் அவர்களால் முடியவில்லை. வீட்டு மாப்பிள்ளையை, அதாவது தங்கை கணவரை, விட்டுவிட்டு வர முடியாது. ஐந்தாவது ஆள் அக்காதான்.

"அவங்களே சொல்லிட்டாங்க, எனக்குப் பயம்டா, நீங்க போயிட்டு வாங்கன்னு. புதுப் புடவை எடுத்து மடிச்சு வச்சிருந்தாங்கம்மா. நான் பார்த்தும் பாக்காத மாதிரி வந்துட்டேன்."

அறுபதைத் தாண்டிய மனுஷர், எச்சில் கையோடு, முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட முடியாமல் நின்றார். தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் எடுத்து நானே அவர் கையில் ஊற்றினேன். காலையிலிருந்து அந்த அம்மாவை மனசுக்குள் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

கீழே வந்து என் வீட்டுக்காரரை அடுக்களைக்குள் கூப்பிட்டுச் சொன்னேன். முதலில் வழக்கம்போல, "நான் சரியாத்தானட்டி சொன்னேன்?" என்றார். சரியாகத்தான் சொன்னீர்கள், கேட்டவர் ஊரில் அதற்கு அர்த்தம் வேறே என்றேன். அந்த அம்மா புடவையை மடித்து வைத்துவிட்டு வீட்டில் இருக்கிறார் என்று சொன்னதும் அவர் அரிசி டிரம்மில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு கூடத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

பையன் முன்னால் போய் உட்கார்ந்து, உங்கள் அத்தைதானே உங்களை வளர்த்தது என்று கேட்டார். பையன் தலையை மட்டும் ஆட்டினான். வாய் திறந்தால் அழுதுவிடுவான் போல இருந்தது. இன்றைக்குத் தட்டு மாற்ற வேண்டாம், பெண்ணுக்குப் பூ மட்டும் வைத்துவிட்டுப் போங்கள் என்று இவர் சொன்னார். தட்டு மாற்றாமல் மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போனால், எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சம்பந்தம் முறிந்துவிட்டது என்று சாயங்காலத்துக்குள் கல்லிடைக்குறிச்சி வரைக்கும் செய்தி போய்விடும். மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. வேண்டுமானால் அந்த அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மாற்றிக்கொள்ளலாமே என்று யாரோ சொன்னார்கள். "தட்டைப் போனுக்குள்ளயா நீட்ட முடியும்?" என்றார் இவர். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, ஊர் என்ன பேசும் என்று அண்ணன் சத்தம் போட்டார். சம்பந்தியும், பரவாயில்லை, நடத்திவிடலாம் என்றுதான் கெஞ்சினார்.

என் வீட்டுக்காரர் அண்ணனைப் பார்த்துச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஊரு பேசட்டும் அண்ணாச்சி. பிள்ளையை வளத்தவுக அங்கன இருக்காவ. நாம இங்கன யாரு கையில தட்டைக் குடுக்க? ஒண்ணு, அவுக இங்க வரணும். இல்ல, நாம அங்க போவணும். கூப்பிட்ட விதத்துல குத்தம் நம்ம மேல. நாம போவோம்."

பெண் வீட்டார் தட்டைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கத்தில் இல்லை. தூரம் தூரம் என்று புலம்பிய மனுஷர் அதைச் சொல்கிறார். எனக்கு அன்றைக்கு அவர் மேல் வந்த மரியாதை, இத்தனை வருஷத்தில் வந்ததில்லை. அதை அவரிடம் நான் சொல்லவில்லை, சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும்.

சம்பந்தியின் மகள் என் மகளுக்குப் பூ வைத்தாள். இருபது பேருக்கு ஆக்கிய சோற்றை அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம். சம்பந்தி அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா கேட்டுவிட்டு, "அப்படியா, சரி" என்றதோடு வைத்துவிட்டாராம்.

ஊர் பேசத்தான் செய்தது. கடைக்கு உரம் வாங்க வருகிறவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு முந்தின நாள் நாங்கள் ஒரு வேன் பிடித்து, அந்த அண்ணனையும் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டோம். விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் போகிற தூரம். எங்களுக்கு ஒரு முழுப் பகல் ஆனது. புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் வழியெல்லாம் சாப்பிட்டோம். போகிறபோது அண்ணன் தூங்கவே இல்லை, ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் வாசித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். வடசென்னையில் ஒரு சந்துக்குள் சின்ன வீடு. வாசலை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். முதல்முறை வர முடியாமல் போன சித்தப்பாக்களும் மாமாக்களும் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா கதவோரம் நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, அந்தப் புதுப் புடவை, மடிப்பு இன்னும் போகவில்லை. எங்களைப் பார்த்ததும் வாங்க என்று கூப்பிட்டுவிட்டு, காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார். அவ்வளவு தூரம் வந்தும் எனக்கு ஒரு சின்ன பயம் இருந்தது. நானும் அடுக்களைக்குப் போனேன்.

எங்கள் ஊர்ப் பேச்சால் உங்களை விட்டுவிட்டு வரும்படி ஆகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். இனி எங்கள் வீட்டுக்கு வர ஃப்ளைட்டுக்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை, ரயில் இருக்கிறது என்றும் சொல்லிவைத்தேன். அவர் பால் பொங்கி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஃப்ளைட்டுக்கு எனக்கு என்னம்மா பயம்? அதுல வர்ற மாதிரி ஆளுங்க மட்டும் வந்தா போதும்னு நீங்க நினைக்கிறீங்களோன்னுதான் பயந்தேன். சமையக்காரி வந்து நின்னா பிள்ளைக்குக் குறைச்சலாயிடுமேன்னு இருந்துட்டேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். காய்ப்புக் காய்த்த கை, கரண்டி பிடித்த இடத்தில் கல் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் அழுதோம். பால் ஆறிப்போய், மறுபடி சூடு பண்ணினோம்.

அந்தக் கையில்தான் என் வீட்டுக்காரர் தட்டைக் கொடுத்தார். நின்று, குனிந்து, இரண்டு கையாலும் கொடுத்தார். எங்கள் மகள் இப்போது அந்த அம்மாவோடுதான் இருக்கிறாள். பேத்தியைக் குளிப்பாட்டுவதும் கதை சொல்வதும் அந்த அம்மாதான். வருஷத்தில் இரண்டு தடவை எங்கள் ஊருக்கும் வந்து பத்து நாள் தங்கிவிட்டுப் போகிறார்.

நடந்ததைச் சொல்லி எல்லாரும் சிரிக்கிறோம். அந்த அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். தப்பான ரோட்டில் போய்விட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் வளர்த்த பிள்ளையின் நிச்சயத்தன்று, தான் வேண்டாதவள் போல என்று நினைத்துக்கொண்டு தனியாக வீட்டில் அந்த அம்மா உட்கார்ந்திருந்த அந்த ஒரு பகலை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.